இன்னொரு தடவை ஊதுண்ணே

காட்டிக் கொடுத்தாளாம்! கூடப் பிறந்த அண்ணனைக் காட்டிக் கொடுத்துவிட்டு, வெட்கம் தாங்காமல் வீட்டைவிட்டுப் போனாளாம். போதாததற்கு, அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்ததே நான்தான் என்றும் ஒரு பேச்சு. இந்த மாடிவீட்டுக்காரிக்கு வாய் வலிக்காதா என்று எனக்கு இத்தனை வருஷமாக ஆச்சரியம். துணி காயப்போட மேலே போனாலும் அவள்தான், இறங்கி வந்தாலும் அவள்தான்.

"நீ என்னதான் பூசி மெழுகினாலும் ஊருக்குத் தெரியாதா? அண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவ அவ," என்றாள், நேற்றும்.

"நீ பக்கத்துல நின்னு பார்த்தியா?"

"பார்த்தாத்தானா? ஒரு நம்பரு. கண்டும் காணாம விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? வண்டி என்ன கவுந்தா போச்சு?"

"கவுழலை. ஏன்னா அன்னிக்கு அவரு ஓட்டலை."

அவள் பக்கெட்டுக்குள் குனிந்தாள். என் முகத்தில் தண்ணீர் தெறிக்கிற மாதிரி ஒரு போர்வையை உதறினாள். சரி, உதறட்டும். அவளுக்குச் சொல்லிப் புரியாது. தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள். ஆனால் அன்றைக்கு பஸ் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். மாடிவீட்டுக்காரி இல்லை.

நான் சொல்வது என் நாத்தனாரைப் பற்றி. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பஸ் டிப்போவில் அவளுக்கு ஊதலக்கா என்று பெயர். மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் டிப்போவின் மதில். விடியும்போது முதல் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தால் எங்கள் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் அடுப்பு பற்றவைப்பேன். இப்போது டிப்போவை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். தம்ளர்கள் சும்மா இருக்கின்றன. எனக்குத்தான் எந்நேரத்துக்கு எழுந்திருப்பது என்று தெரிவதில்லை.

என் வீட்டுக்காரர் அங்கே பஸ் ஓட்டினார். ஓட்டினார் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது. சாப்பிட நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடது கால் கிளட்சைத் தேடும். தெருவில் நடந்து போகும்போது பின்னால் பார்க்கக் கண்ணாடி இல்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்த ஸ்டீயரிங்கை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய நாளும் வந்தது.

சின்னவள் முதலில் டிப்போ ஆபீசில்தான் வேலை பார்த்தாள். வண்டி எடுக்கும் முன்னால் ஒவ்வொரு டிரைவரும் ஊதிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, அந்த வேலைக்கு ஓர் ஆண்பிள்ளையும் வரவில்லை. குடித்தவனை ஊதச் சொன்னால் அடிக்க வருவான், குடிக்காதவனைச் சொன்னால் திட்டுவான், யாருக்கு வேண்டும் இந்தப் பிழைப்பு என்று நழுவிவிட்டார்கள். இவள் ஒத்துக்கொண்டாள். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. அந்த வேலை மதியத்தோடு முடிந்துவிடும், அப்புறம் வீட்டில் தையல் மிஷினில் உட்காரலாம். அவ்வளவுதான் காரணம்.

முதலில் வந்தது கண்ணாடிக் குழாய். அதை எனக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். விரல் நீளக் குழாய், உள்ளே மஞ்சளாக மணல் மாதிரி ஏதோ மருந்து, ஒரு முனையில் பை. மறுமுனையில் வாயை வைத்துப் பை நிறைய ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இருந்தால் மஞ்சள் பச்சையாகிவிடும். அதில் எத்தனை வழக்கு தெரியுமா! "இது பச்சையா? நல்லாப் பாருக்கா, மஞ்சள்தான், லைட்டு வெளிச்சத்துல அப்படித் தெரியுது" என்பார்களாம். ஒருவர் குழாயை வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்து, கடைசியில் தன் கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் போகக் கிளம்பிவிட்டாராம்.

பிறகு கையில் அடங்குகிற மிஷின் வந்தது. நிறமெல்லாம் இல்லை, நேராக எண்தான். எனக்கு எண் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று நான் கேட்காமல் விடவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் டீத் தம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இந்த டீ சூடா இருக்கு. மேல ஆவி வருது. ஆவியில டீ வாசனை இருக்கில்ல?"

"இருக்கு."

"அதே மாதிரிதான். குடிச்சது ரத்தத்துல கலந்துடுது. ரத்தம் நுரையீரலுக்குப் போறப்ப, அங்க இருக்கற மூச்சுல கொஞ்சம் ஏறிக்குது. ரத்தத்துல எவ்வளவோ அதுக்குத் தக்கபடி மூச்சுல. மிஷினுக்குள்ள பிளாட்டினம் பூசின குட்டித் தகடு இருக்கு. சாராய ஆவி அதுல பட்டா துளியூண்டு கரண்ட் பிறக்கும். ஆவி அதிகம்னா கரண்ட் அதிகம். அதைத்தான் நம்பராக் காட்டுது."

"அப்ப இந்த வெங்காயத்தைத் தின்னுட்டு ஊதினா?"

"ஐயோ அண்ணி, நீங்களுமா! வெங்காயத்துக்கெல்லாம் அதுல கரண்ட் பிறக்காது. வாசனையை அமுக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைக்கறாங்க. அதுக்குத்தான் மூக்கே கிடையாதே!"

சிரித்துச் சிரித்து டீயைச் சிந்திவிட்டாள். கிராம்பு மெல்லுகிறவர், காபித்தூளை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறவர், நாக்குக்கு அடியில் காசு வைத்துக்கொள்கிறவர் என்று தினம் ஒரு கதை கொண்டுவருவாள். அந்த மூச்சுப் பரிசோதனை அறையைவிட மளிகைக் கடை ஒன்றும் பெரிதில்லை என்பாள். பாதி மூச்சு ஊதி ஏமாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு. அது நடக்காது. முதலில் வருவது வாய்க் காற்று, கடைசியில் வருவதுதான் நுரையீரலின் அடிக்காற்று. அது வரும்வரை ஊதாவிட்டால் மிஷின் கத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

மிஷின் சரியாகச் சொல்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அவள் வேலை. அளவாக ஆல்கஹால் கலந்த தண்ணீரை ஒரு ஜாடியில் ஊற்றி, உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடாக்கி, அதன் வழியாகக் காற்றை விட்டு மிஷினுக்குக் காட்ட வேண்டும். அளவு தெரிந்த காற்றுக்கு மிஷின் அதே அளவைச் சொல்ல வேண்டும். ஒருநாள் அதில் கலக்கிற ஆல்கஹால் பாட்டில் கை தவறிக் கவிழ்ந்து, மேலெல்லாம் வாடையோடு வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் யார் நின்றிருப்பார்கள்? மாடிவீட்டுக்காரிதான். "ஊதச் சொல்றவளே ஊத்திக்கிட்டு வர்றா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சின்னவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம் அத்தோடு வரவில்லை. அவள் அதற்கும் சிரித்தாள். "வந்திருந்தா மாப்பிள்ளையை ஊதச் சொல்லியிருப்பேன் அண்ணி, நல்ல வேளை" என்றாள். அன்றைக்குத் தையல் மிஷின் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

தாடிக்காரர் கதையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. டிப்போவில் சாராயத்தைத் தொட்டே பார்க்காத டிரைவர் அவர். ஒரு நாள் காலை ஊதினார், எண் ஏகத்துக்கு ஏறிவிட்டது. மனுஷன் அழுதேவிட்டாராம். சின்னவள் பதறவில்லை. "வாயில என்ன போட்டீங்க?" என்று கேட்டாள். பல் வலிக்காக மருந்துக் கடையில் வாய் கொப்பளிக்கிற நீலத் தண்ணீர் வாங்கியிருந்தார், டிப்போ வாசலில் வைத்துத்தான் கொப்பளித்திருக்கிறார். அதில் ஆல்கஹால் கலந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் எதுவும் வாயில் போடாமல் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னாள். சைபர்.

"வாயில இருக்கறது கால் மணியில போயிடும், ரத்தத்துல இருக்கறது போகாது. அதான் காத்திருக்கச் சொல்றது," என்று எனக்கு விளக்கினாள். தாடிக்காரர் மறுநாள் ஒரு பொட்டலம் மிட்டாய் கொண்டுவந்தார். அவர் ஊதி முடிக்கும்வரை அதில் ஒன்றைக்கூட அவர் வாயில் போட அவள் விடவில்லை.

அந்த விஷயம் டிப்போ முழுக்கப் பரவியது. யாருக்காவது எண் வந்தால், "நீலத் தண்ணியா இருக்கும், உக்காருப்பா" என்று மற்றவர்களே பெஞ்சைக் காட்டுவார்கள்.

என் வீட்டுக்காரர் குடிகாரர் இல்லை. இதை எழுதும்போது கொட்டை எழுத்தில் எழுது. எப்போதாவது, யாராவது பிரிந்து போகும்போது, நாலு பேரோடு சேர்ந்து. அப்படித்தான் பட்டறை மேஸ்திரி ஓய்வு பெற்ற அன்று. சாயங்காலம் போனவர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார், படுத்ததும் தூங்கிவிட்டார். காலையில் எழுந்து தலைக்குக் குளித்தார், இரண்டு தம்ளர் காபி குடித்தார், நீலத் தண்ணீரில் தொண்டை வரை கொப்பளித்தார். முகத்தைப் பார்த்தால் மழையில் கழுவிய பஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கேட்டை ஒட்டிய சின்ன அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவரோரம் பெஞ்சு. வரிசையில் ஏழெட்டுப் பேர். நான் போகும்போது அவர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சின்னவளே, வீட்டுலயும் உன் முகம், இங்கயும் உன் முகம்" என்று கிண்டலடித்துக்கொண்டே வாங்கி ஊதினார்.

மிஷின் சத்தம் போட்டது. அவள் எண்ணைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். வாய் வைக்கிற குழலைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

"காலைல வாயில என்ன போட்டேண்ணே?"

"அந்த நீலத் தண்ணிதான். வேற என்ன?"

எனக்கு உயிர் வந்தது. வரிசையில் இருந்தவர்களுக்கும்தான். தாடிக்காரர், "எனக்கு ஆன மாதிரியே, பாருங்க!" என்று என்னிடம் சொன்னார்.

"சரி. வெறும் தண்ணியில கொப்பளிச்சிட்டு அந்த பெஞ்சுல உக்காரு. எதுவும் குடிக்காத, ஏப்பம் வந்தாலும் சொல்லு. கால் மணி கழிச்சு இன்னொரு தடவை ஊதுண்ணே."

அந்த டிப்போவில் கொஞ்சம், நிறைய என்ற பேச்சே கிடையாது. சைபர் வந்தால் வண்டி, வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டீயரிங் எப்போது திரும்பக் கையில் வரும், வருமா என்பது மேலிடம் பார்த்துச் சொல்வது. அங்கே இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நானும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே அவருடைய வண்டி தெரிந்தது. கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கிடும் பாரு," என்றார் என் காதருகில்.

"நேத்து குடிச்சது?"

"அது எப்பவோ போயிருக்கும். தூங்கி எழுந்தாச்சு, குளிச்சாச்சு, காபி குடிச்சாச்சு."

"தூங்கினா போயிடுமா?"

"போகாம?" என்றார். கையை மட்டும் முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வண்டி நேரம் பார்க்கிற டைம்கீப்பர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, நீலத் தண்ணின்னு தெரிஞ்சு போச்சே. அனுப்பிடேன், லேட்டாகுது."

"கால் மணி ஆகட்டும் சார்."

அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற டிரைவர்களை ஊதவைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு குழலின் காகித உறையைக் கிழிக்க அவளால் முடியவில்லை. நகத்தால் பார்த்தாள், பல்லால் பார்த்தாள், கடைசியில் தாடிக்காரர் வாங்கிக் கிழித்துக் கொடுத்தார். மாடிவீட்டுக்காரி சொல்கிறாளே கல் மனசு என்று, அவள் அந்த விரல்களைப் பார்க்கவில்லை.

நேரம் ஆனது. அவர் எழுந்து போய் ஊதினார். சின்னதாக, பூவை ஊதுகிற மாதிரி. மிஷின் ஏற்கவில்லை.

"முழுசா ஊதுண்ணே."

இந்தத் தடவை முகம் சிவக்கிறவரை ஊதினார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். பெரிய எண் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்ன எண் நின்றது. சைபர் இல்லை.

"இறங்கியிருக்கு பாருங்க! இன்னொரு கால் மணி விட்டா சுத்தமாப் போயிடும், ஊதலக்கா," என்றார் தாடிக்காரர்.

"போனது வாயில இருந்தது," என்றாள். "இது நேத்து குடிச்சது. ரத்தத்துல இருக்கு. இது கால் மணியில போகாது. குளிச்சாலும் போகாது, காபி குடிச்சாலும் போகாது. உடம்பு தன்னால கரைச்சாத்தான் உண்டு."

டைம்கீப்பர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் எதையும் பார்க்கலைம்மா. வரிசையில நிக்கறவங்களும் பார்க்கலை. உன் இஷ்டம்" என்றார். அவரும் கெட்டவர் இல்லை.

எல்லோரும் அவளையே பார்த்தோம். நானும்தான். என் கண் என்ன கெஞ்சியது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்து அந்த எண்ணைச் சத்தமாக வாசித்தாள், மற்ற எவருக்கும் வாசிக்கிற அதே குரலில். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையில் வைக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வேறொருவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு டப்பா என் மடியிலேயே இருந்தது.

அவரை வண்டி கழுவுகிற இடத்தில் போட்டார்கள். மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கு இவர் தண்ணீர் பீய்ச்சினார். சாயங்காலம் வந்தால் கால் கிளட்சைத் தேடாது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கையோடு பேச்சு நின்றுபோனது. வீடோ கையகலம். இருவரும் சுவருக்குச் சுவர் முட்டிக்கொள்வார்கள், ஆனால் பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

"உன் நாத்தனார்கிட்டச் சொல்லு, சோப்பு தீந்துபோச்சுன்னு" என்பார், அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போதே.

"உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க அண்ணி, அலமாரியில புதுசு இருக்குன்னு."

"எந்தத் தட்டுன்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல? நான் என்ன தபால்காரியா?" என்று கத்துவேன். ஒருநாள் கோபத்தில் நானும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று முழுக்க வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

அவர் ஒரு தடவைகூட "நான் குடிக்கலை" என்று யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய வருத்தம் வேறு. "யாரோ ஒருத்தன் வாசிச்சிருந்தா எனக்கு வலிச்சிருக்காது" என்று என்னிடம் சொன்னார். அதற்கு நான், "யாரோ ஒருத்தன்னா உங்களைக் கால் மணி உக்காரவச்சிருக்க மாட்டான், முதல் நம்பரையே எழுதியிருப்பான்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். இவருக்கு மறுபடி வண்டி தரலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரே டிப்போவில் தங்கை ஊதவைத்து அண்ணன் ஊதுவது இனி ஆகாது. ஒருவர் இங்கே இருக்கலாம், மற்றவர் தூரத்து ஊர் டிப்போவுக்குப் போக வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அங்கேயே, யோசிக்காமல், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நான் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"உனக்கென்ன பைத்தியமா? தெரியாத ஊர்ல தனியா என்னடி பண்ணுவ? அந்த வேலையை விட்டுட்டு மறுபடி ஆபீசுக்கே போ. இங்கயே இரு."

"இருந்தாலும் சும்மா விடுவாங்களா அண்ணி? அண்ணன் தினமும் காலைல ஊதணும். சைபர்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனா நான் இந்த டிப்போவுக்குள்ள எங்க இருந்தாலும், தங்கச்சி இருக்கா, அதான் சைபர்னு சொல்லுவாங்க. அவரோட சைபரை யாரும் நம்ப மாட்டாங்க. நான் இல்லாம ஊதினாத்தான் அது அவரோடது."

"நீ போனா நான்தான் விரட்டினேன்னு மேல இருக்கறவ சொல்லுவா."

"சொல்லாம இருந்தாத்தான் அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்," என்றாள். இருவரும் சிரித்தோம். அழுததையும் இதில் சேர்த்துக்கொள்.

அவள் கிளம்பிய அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தையல் மிஷினை எனக்கு விட்டுவிட்டாள். ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. நான் பையை வாங்கி, உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே அடுக்கி, நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன். அவர் உள்ளறையில் வண்டிக்குப் போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், மறுநாளிலிருந்து அவருக்கு வண்டி. காலரைப் போட்டார், கையைப் போட்டார், திரும்பவும் காலரையே போட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வரேன் அண்ணி" என்றாள் என்னிடம். உள்ளறைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"குடை எடுத்துக்கிட்டியா?"

அவர்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் வழியாகக் கேட்கவில்லை.

"எடுத்துக்கிட்டேண்ணே."

"பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காராத. அந்த ரூட்ல சாரல் அடிக்கும்."

"சரிண்ணே."

அவள் பெட்டியைத் தானேதான் தூக்கினாள். நான் தூக்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி, குடையை விரித்து, டிப்போ மதிலை ஒட்டி நடந்து போனாள்.